லிஃப்ட்காரர் போட்ட ரயில்வே கேட்

பொம்மை ரயில் வைத்திருக்கும் கணவர்களின் மனைவிமார் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால், லிஃப்ட்காரரின் மனைவியைப் போட்டியே இல்லாமல் தலைவியாக்கிவிடலாம். கூட்டம் நடத்த மட்டும் அவள் வீட்டில் இடம் கிடைக்காது. மாடியில் இருப்பது ஒரே அறை, அந்த அறையில் ரயில் ஓடுகிறது.

சும்மா ஓடவில்லை. மூன்று பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு முழு ஊரையே கட்டி வைத்திருந்தார் மனிதர். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பதினோரு வீடு, ஒரு பாலம், பசை தடவி ஒட்டிய புல்வெளி, இத்தனையையும் சுற்றி வரும் தண்டவாளம். எஞ்சின் ஒரு சாண் நீளம். பிளாட்பாரத்தில் நிற்கிற ஆட்கள் சுண்டுவிரல் நுனி அளவு. அதில் ஒருவர் கைகால் முளைத்த நாளிலிருந்து வண்டிக்காகக் காத்திருக்கிறார், இரண்டு வருஷமாயிற்று, பாவம், ஏறினபாடில்லை.

தொழில் என்று பார்த்தால் அவருக்கு ரயிலோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. பதினெட்டு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். ரயில் படுத்துக்கொண்டு போகிற லிஃப்ட், அவ்வளவுதானே என்பது அவர் கட்சி. இந்த ஒரு எண்ணத்தால் பின்னால் என்ன கூத்து நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இப்படிப்பட்டவருக்கு மாமனாராக வாய்த்தவர் நிஜ ரயில் ஓட்டியவர். முப்பத்து நாலு வருஷம் எஞ்சின் டிரைவர். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம் என்று நீங்கள் நினைப்பீர்கள். லிஃப்ட்காரரும் அப்படித்தான் நினைத்தார். மாமியார் காலமான பிறகு, எட்டு மாதத்துக்கு முன்னால், மாமனார் இவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது இவருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை இறக்கி வைத்த கையோடு மாடிக்குக் கூப்பிட்டார்.

"ரயில் போதும் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "முப்பத்தி நாலு வருஷம் பாத்தாச்சு."

அதோடு சரி. எட்டு மாதத்தில் மாடிப்படியில் ஒரு படி ஏறவில்லை. பொம்மையை மதிக்கவில்லை என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, வெளியில் சொல்லவில்லை.

மற்றபடி அவருக்கு மாமனாரை மிகவும் பிடித்துப்போயிற்று. காரணம் ஒன்றும் பெரிதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமனார் கேட்பார்: "இன்னைக்கு யாராவது மாட்டிக்கிட்டாங்களா மாப்பிள்ளை?" லிஃப்ட்டில் என்று அர்த்தம். யாராவது மாட்டியிருப்பார்கள். எந்த மாடி, எத்தனை பேர், உள்ளே இருந்தவர் என்னவெல்லாம் கத்தினார், ரிலே என்கிற தானியங்கி ஸ்விட்சுகளில் எது கோளாறு, எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லவைத்துக் கேட்பார். பதினெட்டு வருஷத்தில் ஒரு ஜீவன் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. மனைவி நல்லவள்தான், ஆனால் அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வருகிறவளுக்கு ரிலே கதை கேட்கத் தெம்பு ஏது?

அப்படிப்பட்ட மாமனார் ஒரு திங்கட்கிழமை சாப்பிடும்போது, "வர்ற ஞாயித்துக்கிழமை நான் பெரியவ வீட்டுக்குக் கிளம்பறேன்," என்றார்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏம்பா? இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வர்றீங்க. துணியை மடிக்கிறேன். மறுபடி பிரிச்சு மடிக்கிறேன். பெரிய மாப்பிள்ளை கடைக்கு வந்து உக்காருங்கன்னு கூப்பிடறாரு. எனக்கும் கைக்கு ஒரு வேலை வேணுமில்ல?"

பெரிய மாப்பிள்ளை என்பவர் லிஃப்ட்காரருக்குச் சகலை. டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். குரலும் கடையும் பெரிசு. அவர் வீட்டில் மாமனாருக்குத் தனி அறை, தனிக் குளியலறை, அதில் வழுக்காத டைல்ஸ். இதையெல்லாம் போனில் அவரே சொன்னார், அதுவும் லிஃப்ட்காரரிடமே சொன்னார். "நீ கவலைப்படாத தம்பி, நான் பாத்துக்கறேன்," என்று முடித்தபோது லிஃப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று கை கழுவும் இடத்தில் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். லிஃப்ட்காரர், செருப்பைக் கழற்றும்போது யாரும் எதுவும் கேட்காத வீட்டை நினைத்துப் பார்த்தார். அந்த நிமிஷமே ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடியில இருக்கற ரயில் ஊரை முடிச்சிடறேன்," என்றார். "ஊர் பூரா லைட்டு, சிக்னல், நடுவுல ஒரு ரயில்வே கேட்டு. நிஜ கேட்டு மாதிரியே. மாமா ஒரு தடவை வந்து ஓட்டிப் பாக்கட்டும். அப்புறம் போறாரான்னு பாக்கறேன்."

"அவருதான் மாடிப்பக்கமே வரமாட்டேங்கறாரே."

"கிளம்பற அன்னைக்கு நீ கூப்பிடு. நீ கூப்பிட்டா வருவாரு."

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேறு வழி எதுவும் அவளுக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் வராததுமாக மனிதர் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டார். பாயை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தலைக்கு மேலே சோல்டரிங் வேலை. உருகின ஈயம் சொட்டிச் சொட்டி பனியனில் ஏழெட்டு ஓட்டை. வயரெல்லாம் பழைய லிஃப்ட்டிலிருந்து கழற்றியது. லிஃப்ட் பெட்டிக்கு அடியில் நாடா மாதிரி ஒரு தட்டைக் கேபிள் தொங்கும், அதை உரித்தால் உள்ளே இருபத்து நாலு வயர். இருபத்து நாலும் ஒரே சாம்பல் நிறம். எந்த வயர் எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் எறும்புக் கால் அளவில் நம்பர் போட்டிருக்கும். அதைப் படிக்க மனைவியின் லேபிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி இரவலாக வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, உழைப்பில் குறை வைக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வீடுகளுக்கு விளக்கு வந்தது. பதினோரு வீட்டில் பத்து எரிந்தது. எல்.இ.டி. பல்புக்கு இரண்டு கால், நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். மாற்றிப் போட்டால் எரியாது. பதினோராவது வீட்டில் மாற்றிப் போட்டுவிட்டார்.

"அந்த வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருக்காங்களா?" என்றாள் மனைவி, டீ டம்ளரை நீட்டிக்கொண்டே.

"இரு, வரவழைக்கிறேன்," என்று மறுபடி பாய்க்குப் போனார்.

வியாழக்கிழமை சிக்னல். சிவப்பு எரிந்தால் ஆஸ்பத்திரியில் இருட்டு, பச்சை எரிந்தால் ஆஸ்பத்திரியில் வெளிச்சம். ஒன்பதாம் வயரையும் பத்தொன்பதாம் வயரையும் மாற்றிப் பிடித்துவிட்டார். "ஆபரேஷன் நடக்கறப்ப சிவப்பு விழுந்தா நோயாளி கதி என்னங்க?" என்று மனைவி கேட்டாள். அவர் பூதக்கண்ணாடியைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கேட். அவர் ரொம்ப நாளாக மனதில் கட்டி வைத்திருந்த கேட் இது. சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்தில் இரண்டு பக்கமும் ஐஸ் குச்சியில் சிவப்பு வெள்ளை பூசின தடுப்புக் கம்பம். ரயில் வருகிற சமயம் இரண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்ன வேண்டும், கம்பங்கள் இறங்க வேண்டும், ரயில் போனதும் ஏற வேண்டும். மாறி மாறி மின்னுவதற்கு ஒரு டைமர் தேவைப்பட்டது. பழைய லிஃப்ட்டில் கழற்றி வைத்திருந்த அறிவிப்புப் பெட்டிக்குள்ளே நல்ல டைமர் ஒன்று இருந்தது. பெட்டியோடு தூக்கி அப்படியே மாட்டினார்.

கீழே சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "யாருங்க அந்தப் பொம்பளை, மாடியில?"

"எந்தப் பொம்பளை?"

"கதவை மூடறேன், தள்ளி நில்லுங்கன்னு யாரோ சொன்னாளே?"

லிஃப்ட்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பெண்ணையும் காணோம். உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக நாளைக்கு நூறு தடவை காதில் விழுந்த குரல், காது அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. "உனக்குப் பிரமை," என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கடைசியாகப் பாதுகாப்பு. இங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார், அதுவும் சிரத்தையாக உட்கார்ந்து கோட்டைவிட்டார்.

லிஃப்ட் தொழிலில் சேர்ந்த முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லித்தருவது ஒன்றுண்டு. கதவு இடுக்கில் ஒரு கை இருந்தாலும் சரி, ஒரு குடை இருந்தாலும் சரி, கதவு மூடக்கூடாது, திறந்துகொள்ள வேண்டும். கதவு சரியாக மூடாத வரைக்கும் பெட்டி ஒரு நூல்கூட நகரக்கூடாது. அதற்காகக் கதவில் ஒரு கண் வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், எதாவது குறுக்கே வந்தால் கண் விழித்துக்கொள்ளும். லிஃப்ட்காரர் அப்படியொரு கண்ணை எடுத்துக் கேட்டில் பொருத்தினார். ரயில் நெருங்கிக் கேட் மூடுகிற சமயம் நடுவே எதாவது நின்றால் கம்பம் ஏறிவிடும், தண்டவாளத்தில் கரண்ட் நின்றுவிடும், ரயில் அசையாது.

யாராவது சொல்லுங்கள், எந்த ஊர் ரயில்வே கேட்டில் ரயில் நின்று காருக்கு வழி விடுகிறது? சின்னக் குழந்தைக்குத் தெரியும். லிஃப்ட்காரருக்குத் தோன்றவில்லை. ஒரு சந்தர்ப்பமும் கிடைத்தது அவருக்கு. முதல் ஓட்டத்தில் ரயிலே அந்தக் கண்ணை மறைத்து, தன்னைத்தானே தடை என்று நினைத்துக்கொண்டு கேட்டுக்கு நடுவில் நின்றுபோயிற்று. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே மண்டையில் உறைத்திருக்கும். இவர் ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, எஞ்சின் கேட்டைத் தொட்டதும் கண் மூடிக்கொள்கிற மாதிரி இன்னொரு ரிலேயைச் சேர்த்தார். சனிக்கிழமை முழுக்கத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தார். சாலையில் எதையும் குறுக்கே நிறுத்திப் பார்க்கவில்லை. எல்லாம் கச்சிதம் என்று உச்சி குளிர்ந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் டைல்ஸ்காரர் காரோடு வந்துவிட்டார். மாமனாரின் பையை எடுத்து டிக்கியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார், அவ்வளவு கெட்டிக்காரர். மாமனார் சலவைச் சட்டை போட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஒரே ஒரு தடவை மாடிக்கு வந்துட்டுப் போங்க," என்றாள் மகள். "ஒரு வாரமா பெஞ்சுக்கு அடியிலயே குடியிருக்காரு. பனியனைப் பாருங்க."

மாமனார் பனியனைப் பார்த்தார். மருமகன் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

ஜன்னல் திரையையெல்லாம் இழுத்துவிட்டு, லிஃப்ட்காரர் மெயின் ஸ்விட்சைப் போட்டார். பதினோரு வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஸ்டேஷன் எரிந்தது, ஆஸ்பத்திரி எரிந்தது. மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இந்த வளைவு கொஞ்சம் அதிகம்," என்றார். "சிக்னல் நல்ல எடத்துல இருக்கு." அதற்கே லிஃப்ட்காரர் பூரித்துப்போனார்.

"நீங்களே ஓட்டுங்க மாமா," என்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த கட்டுப்பாட்டுப் பெட்டியை நீட்டினார்.

மாமனார் வாங்கத் தயங்கினார். பிறகு வாங்கிப் பெஞ்சு ஓரத்தில் வைத்துக்கொண்டார். லிஃப்ட்காரர் ஓட்டினால் ரயில் குதித்துக்கொண்டு கிளம்பும். மாமனார் திருகைத் தொட்டதாகத்தான் தெரிந்தது, வண்டி கிளம்பினதே தெரியவில்லை. ஸ்டேஷனை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, பாலத்தில் ஏறியது, வேகம் பிடித்தது. கிழவர் கையில் அது பொம்மையாகவே இல்லை. லிஃப்ட்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

வண்டி கேட்டை நெருங்கியது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின. டிங் என்று ஒரு மணி. அதைத் தொடர்ந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொன்னது: "கதவுகள் மூடுகின்றன. தயவுசெய்து விலகி நிற்கவும்."

டைல்ஸ்காரர் பட்டென்று சிரித்தார். "எந்த மாடிக்குத் தம்பி போகுது இந்த ரயில்?"

லிஃப்ட்காரருக்கு அந்தக் குரல் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. காது மடல் சூடாகி அசடு வழிய நின்றார். மனைவி, "நான் அன்னைக்கே சொன்னேன்," என்று முணுமுணுத்தாள். அந்தச் சுற்று வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது, பரவாயில்லை. இரண்டாவது சுற்று வந்தது. டைல்ஸ்காரருக்குக் கை சும்மா இருக்குமா? சாலை ஓரத்தில் நின்ற குட்டி லாரியை ஒரு விரலால் தள்ளித் தண்டவாளத்தின் மேலேயே நிறுத்தினார்.

"இப்ப பாப்போம்," என்றார்.

வண்டி பாலத்திலிருந்து இறங்கி நேராக வந்துகொண்டிருந்தது. நல்ல வேகம். லிஃப்ட்காரர் அப்போது வண்டியைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தார். மாமனாரின் வலது கை திருகை விட்டுவிட்டு, அங்கே இல்லாத பிரேக்கைப் பிடித்து முழுசாகத் திருப்பியது. இடது கை தலைக்கு மேலே போய் இல்லாத எதையோ பிடித்து இழுத்தது, ஹாரன் கயிறாக இருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை. வண்டி கேட்டைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தடை உள்ளது," என்றது பெண் குரல். "கதவுகள் திறக்கின்றன."

இறங்கிக்கொண்டிருந்த கம்பங்கள் மறுபடி ஏறின. லாரிக்கு நாலு விரற்கடை முன்னால் வண்டி நின்றுபோயிற்று.

டைல்ஸ்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "லாரிக்கு ரயில் வழி விடுதுப்பா. ரோட்டுல போறவனுக்கு ராஜ மரியாதை. தம்பி, இதை நீ வெளியில யாருக்கும் காட்டிடாத."

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. நிஜ ரயில் ஓட்டிய மனுஷனைக் கூப்பிட்டு நிற்க வைத்து, உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு கேட்டைக் காட்டியாயிற்று. மாமனார் போய்விடுவார் என்று நினைத்தார். போகிற வழி முழுக்கக் காரில் சகலை இதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாமனார் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"நின்னுடுச்சா?" என்றார்.

"நின்னுடுச்சு மாமா."

கண்ணைத் திறந்து பார்த்தார். குனிந்து, லாரிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"நான் நிறுத்தினேனா, அதுவா நின்னுதா?"

"அதுவாதான் மாமா. தப்பா வயர் பண்ணிட்டேன். லிஃப்ட் வேலை பாத்துப் பாத்து புத்தி அப்படியே போயிடுச்சு. குறுக்க எதாவது இருந்தா கரண்ட்டு நின்னுடும்."

"எது இருந்தாலும் நிக்குமா?"

"எது இருந்தாலும்."

"இன்னொரு தடவை காட்டுங்க."

இன்னொரு தடவை ஓடியது. இந்தத் தடவை லாரியை மாமனாரே வைத்தார், கண்ணையும் மூடவில்லை. நின்றது. லாரியை ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்தார். நின்றது. மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார், டைல்ஸ்காரரிடம் கார் சாவியை வாங்கி வைத்தார், மகளின் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி நட்டு வைத்தார். எல்லாவற்றுக்கும் நின்றது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் குரல் சளைக்காமல் தடை உள்ளது, தடை உள்ளது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் திருகை முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தன் விரலையே தண்டவாளத்துக்குக் குறுக்கே நீட்டினார். மகள் "அப்பா" என்று கையைப் பிடிக்கப் போனாள். வண்டி நின்றது. கிழவர் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"மணியாச்சு மாமா," என்றார் டைல்ஸ்காரர், சிரிப்பெல்லாம் வடிந்து.

லிஃப்ட்காரருக்கு அழுகை வராத குறை. "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன் மாமா. நிஜ கேட்டு மாதிரியே மாத்திடறேன். நீங்க அடுத்த தடவை வர்றப்ப..."

"எதுக்கு மாத்தணும்?" என்றார் மாமனார். "நிஜ கேட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டுப்பாட்டுப் பெட்டி மடியில் இருந்தது.

"மூணு தடவை நடந்திருக்கு. ஒருத்தன் சைக்கிளைப் போட்டுட்டு ஓடிட்டான். ஒருத்தன் டெம்போவை விட்டுட்டுக் குதிச்சிட்டான். மூணாவது ஆள் இறங்கல. நாம பிரேக்கைப் போட்டுட்டு, ஹாரனை அடிச்சுட்டு, பாத்துக்கிட்டே இருக்கணும் மாப்பிள்ளை. முக்கால் கிலோமீட்டர் ஆகும் நிக்கறதுக்கு. செய்யறதுக்கு வேற ஒண்ணும் கிடையாது. தப்பு உன் பேர்ல இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. மறுநாள் அதே கேட்டு வழியாத்தான் வண்டி எடுத்துட்டுப் போனேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேப்பா," என்றாள் மகள்.

"உங்க அம்மாவுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

டைல்ஸ்காரர் தண்டவாள ஓரத்தில் கிடந்த சாவியை எடுக்கப் போனவர் எடுக்காமல் நின்றார். ஒன்று சொல்ல வேண்டும், அவரும் கெட்ட மனுஷன் இல்லை. லாரியை மெதுவாக எடுத்துச் சாலை ஓரத்தில் பழைய இடத்திலேயே வைத்தார்.

பொம்மையை மதிக்காமல்தான் மாமனார் மாடி ஏறவில்லை என்று எட்டு மாதம் மனதுக்குள் முறுக்கிக்கொண்டிருந்ததை நினைத்து லிஃப்ட்காரருக்கு வெட்கமாக இருந்தது. மாமனார் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, வைத்துவிட்டார்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. இப்படி வெடுக்குனு நின்னா, பின்னாடி பெட்டியில டீ குடிச்சிட்டு இருக்கறவன் சட்டையெல்லாம் நாசம். தூரத்துலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சுக்கிட்டு வந்து நிக்கணும். அதுக்கு வழி இருக்கா?"

"இருக்கு மாமா. லிஃப்ட்டு மாடிக்கு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடும் பாருங்க, அதே மாதிரி பண்ணிடலாம்."

"எத்தனை நாள் வேலை?"

கேட்டுக்கு முன்னால் தண்டவாளத்தை இரண்டு இடத்தில் அறுத்து, கரண்ட்டைக் குறைக்க நாலு ரெசிஸ்டரைச் சேர்த்து, ஒரு ரிலேயை மாட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. டீ குடித்துக்கொண்டே செய்தால் முக்கால் மணி. பதினெட்டு வருஷத்தில், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டவர்களுக்கு லிஃப்ட்காரர் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவரிடம் அதில் விளையாடக்கூடாது என்பது அவர் கொள்கை. பதில் சொல்ல வாயைத் திறந்தார். கதவருகே நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் கண் ஜாடை எதுவும் காட்டவில்லை, மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மாசம் ஆகும் மாமா," என்றார்.

"ஆறு மாசமா?" என்றார் டைல்ஸ்காரர். "ரெண்டு வயரை வெட்டி ஒட்டறதுக்கா?"

"குறையாதுண்ணே. ரொம்ப நுணுக்கமான வேலை. நான் சாயங்காலம்தான் வர்றேன், பகல்ல யாராவது பக்கத்துலயே இருந்து ஓட்டிப் பாத்துச் சொன்னாத்தான் முடியும்."

மாமனார் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். இருபத்து நாலு சாம்பல் வயரையும் ரிலே வரிசையையும் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவர், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்கா தெரியாது?

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆறு மாசம் பத்தாது மாப்பிள்ளை," என்றார். "அவசரப்பட்டா வேலை கெட்டுடும். ஒரு வருஷம்னு வச்சுக்குவோம்."

பிறகு திருகின் மேல் கையை வைத்துக்கொண்டு பெரிய மருமகன் பக்கம் திரும்பினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. டிக்கியில என் பை இருக்கு, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வந்துடுங்க."

டைல்ஸ்காரர் தண்டவாள ஓரத்திலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.